பட்டம் கொடுத்தவர்கள் பாதை காட்டட்டும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்" என்பது நம் மூத்தோர் வாக்கு. அதனை வெறும் நகைமொழி என்று ஒதுக்குவோர் உளர். ஆனால் அது ஒரு காலத்தின் பொருளாதார உண்மையாகும். துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைத்த யாழ்ப்பாணத்து உழவன், மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கண்டபோது, தன் பிள்ளைக்கு அதனினும் சிறந்த செல்வம் வேறில்லை என்று எண்ணினான். ஆங்கிலம் கற்ற இளைஞர் கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயா நாட்டுப் புகையிரதப் பகுதிக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊர்தோறும் கல்வீடுகள் எழுந்தன.

அந்த வாசலை 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் ஒடுக்கியது. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலையும் ஒடுக்கியது. பின்னர் வந்த நீண்ட போர் ஒரு தலைமுறையின் இளமையையே கொண்டு சென்றது. இத்தனைக்குப் பின்னரும், நம் பெற்றோர் மனத்திற் பதிந்த அந்தப் பழைய பாதை மட்டும் மாறவில்லை. பட்டம், பின்னர் விண்ணப்பம், பின்னர் அரசாங்க நியமனம். இதுவே இன்றும் நாம் அறிந்த ஒரே வழியாக இருக்கிறது.

இதன் விளைவு யாது? 2017 ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். 2020 ஆம் ஆண்டில் நாடெங்கிலும் பல்லாயிரம் பட்டதாரிகள் ஒரே வீச்சிற் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். மேசை கிடைத்தது, மேசையில் வைக்க வேலை கிடைத்ததா என்பதை அவர்களே அறிவர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், அத்தகைய பெருநியமனங்களை நம்பி ஒரு குடும்பம் தன் எதிர்காலத்தை வகுத்தல் அறிவுடைமையாகாது.

நோய் புதியதன்று. 1971 ஆம் ஆண்டில், பேராசிரியர் டட்லி சீயர்ஸ் தலைமையில் இந்நாட்டிற்கு வந்த சர்வதேச தொழில் நிறுவனத்தின் குழு, கற்ற இளைஞர் எதிர்பார்க்கும் தொழிலுக்கும் நாட்டிற் கிடைக்கும் தொழிலுக்கும் இடையேயுள்ள இடைவெளியையே தன் அறிக்கையின் தலைப்பிற் பொறித்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இடைவெளி இன்னும் மூடப்படவில்லை.

இந்த இடைவெளியில் நின்று பணியாற்ற வேண்டியவரே தொழில் வழிகாட்டல் ஆலோசகர். அமெரிக்காவில், பொஸ்டன் நகரில், 1908 ஆம் ஆண்டிலே பிராங் பார்சன்ஸ் என்பார் இதற்கென ஒரு பணிமனையை நிறுவினார். அவர் கண்ட முறை எளியது: முதலில் இளைஞன் தன்னை அறிய வேண்டும், அடுத்துத் தொழில்களை அறிய வேண்டும், பின்னர் இரண்டையும் பொருத்திப் பார்த்துத் தெளிய வேண்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தொழில் வழிகாட்டல் அலகுகள் உள. அவற்றின் கடமை யாதென்பதைப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் அவசியம்; அறியாதவன் உரிமை கேட்பதெங்ஙனம்?

ஆலோசகர் வேலை பிடித்துக் கொடுக்கும் தரகரல்லர். அவர் நிலை ஏறக்குறைய நியாயவாதியின் நிலையாகும். தம்மிடம் வருபவனை முதலில் முழுமையாகக் கேட்க வேண்டும். அவன் தகப்பனார் விரும்புவதையன்று, அவன் வல்லமையையும் வாழ்நிலையையும் ஆராய வேண்டும். கேட்டதை வெளியிற் சொல்லலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, கசப்பான உண்மையை மறைக்கலாகாது. சான்றிதழ் விற்கும் நிறுவனத்திடம் தரகுப்பணம் பெறுபவர், ஆலோசகர் என்ற பெயருக்கே அருகதையற்றவர். ஒரே வழக்கில் இரு பக்கத்துக்கும் தோன்றும் நியாயவாதியை உலகம் என்னவென்று அழைக்கும்?

உண்மையைச் சொல்லல் எத்துணை அவசியமென்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். பிள்ளையை வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கவென்று ஒரு விவசாயி வயற்காணியை விற்க எண்ணுகிறார். அப்பிள்ளை பட்டத்துடன் திரும்பினாலும், இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையிற் சித்தியெய்திய பின்னரே இந்நாட்டில் வைத்தியம் செய்யலாம் என்பதை அவருக்கு யார் சொல்வது? வெளிநாட்டு வேலைக்கென்று பணம் கேட்கும் முகவருக்கு, 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பார்க்கும்படி யார் அறிவுறுத்துவது? காணி உறுதி கைமாறிய பின்பு நியாயவாதியிடம் வருவோர் பலர். கைமாறுமுன் ஓர் ஆலோசகரிடம் போயிருந்தால் நீதிமன்றப் படி ஏறும் தேவையே எழுந்திராது.

மூடிய கதவுகளைச் சுட்டுதல் பாதிப் பணியே. திறந்த கதவுகளைக் காட்டுதல் மறுபாதி. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. சட்டத்தில் எழுதியது கருமபீடத்தில் நடைபெற வேண்டுமாயின், இரு மொழியும் ஆங்கிலமும் வல்ல மொழிபெயர்ப்பாளரும் உரைபெயர்ப்பாளரும் வேண்டும். தமிழர் தம் வழக்கைத் தம் மொழியில் நடத்தும் உரிமை, நீதிமன்றத்தில் ஓர் உரைபெயர்ப்பாளர் இல்லாமையால் தவணை தவணையாகத் தள்ளிப்போவதுண்டு. கலைப்பீடப் பட்டம் பயனற்றது என்போர் இதனைச் சிந்திப்பாராக. சிங்களம் கற்பது சரணாகதியன்று. உரிமையைக் கைக்கொள்ளும் கருவியாகும்.

அவ்வாறே, பட்டம் பெறாதான் வாழ்வற்றவன் என்ற எண்ணமும் ஒழிதல் வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த தொழிற்கல்வி ஆணைக்குழு, தேசிய தொழிற்றகைமையை ஏழு படிகளாக வகுத்துள்ளது. மின்னிணைப்பாளனாகத் தொடங்குபவன் படிப்படியாகப் பட்டத்துக்கு ஈடான ஏழாம் படிக்கு ஏறலாம். இவ்வேணி இருப்பதை எத்தனை பாடசாலைகள் பிள்ளைகளுக்குச் சொல்கின்றன?

உழவர் குடும்பங்கள் குறித்தும் ஒரு வார்த்தை. விவசாயியின் பிள்ளை விவசாயியாகவே இருக்கட்டும் என்பது வழிகாட்டலன்று. அது பிறப்பால் தொழில் வகுக்கும் பழைய கொடுமையின் மறுவடிவம். ஆனால், கிளிநொச்சியில் விவசாய பீடத்தைக் கொண்டுள்ள நாம், விதை, பாசனம், பதனிடல், சந்தை ஆகியவற்றிலுள்ள தொழில்களைப் பிள்ளைகளுக்குக் காட்டாதிருப்பதும் குற்றமே. மண்ணை விட்டுப் போகவும், மண்ணுக்குத் திரும்பவும், இரண்டுக்கும் அறிவுடன் கூடிய உரிமை வேண்டும்.

பட்டமளிப்பு விழாவோடு கடமை தீர்ந்ததென்று பல்கலைக்கழகங்கள் கருதலாகாது. முப்பது வயதில் வேலை இழந்தவனுக்கும், பிள்ளை பெற்று வளர்த்தபின் தொழிலுக்குத் திரும்ப விழையும் பெண்ணுக்கும் ஆலோசனை தேவை. 1857 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை ஆசிரியராயும், பத்திரிகாசிரியராயும், அரசாங்கக் கணக்குப் பகுதி அலுவலராயும் பணியாற்றி, அதன்பின் சட்டம் பயின்று, நீதிபதியாயும் விளங்கினார். பண்டைத் தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழும் பெற்றார். ஒரு பட்டம் ஒரே தொழிலுக்கான சீட்டன்று என்பதை நம் முதற் பட்டதாரியே வாழ்ந்து காட்டிவிட்டார்.

ஆகவே நாம் கேட்பன நான்கு. முதலாவது, க.பொ.த. உயர்தரத்துக்குப் பாடம் தெரியுமுன்னரே ஒவ்வொரு மாணவருக்கும் தாய்மொழியில் ஆலோசனை கிடைத்தல் வேண்டும். வழி தவறுவது பல்கலைக்கழக வாசலிலன்று, அதற்கு முந்திய சந்தியிலேயாம். இரண்டாவது, பல்கலைக்கழக வழிகாட்டல் அலகுகளின் கதவு பழைய மாணவருக்கும் திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டிலும் வெளியேறியோர் எங்கே, என்ன தொழிலில் உள்ளனர் என்ற கணக்கைப் பீடவாரியாக வெளியிடல் வேண்டும். வெளியிடத் தயங்கினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உண்டு. பெற்றோர் எவரும் எழுதிக் கேட்கலாம். நான்காவது, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள் தோரண வாயிலுக்கும் மண்டபத்துக்கும் பணம் சேர்ப்பதோடு நில்லாது, தம் உறுப்பினருள் தொழில் அறிந்தோரை ஆண்டுக்குச் சில மணி நேரமேனும் மாணவரோடு பேசச் செய்தல் வேண்டும். கல்லுக்குக் கொடுப்பதிலும் சொல்லுக்குக் கொடுப்பது மலிவு, பயனோ பன்மடங்கு.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, கணக்காளர்களே, நியாயவாதிகளே! உங்களை ஏற்றிவிட்ட ஏணியின் அடியில் இன்னும் பிள்ளைகள் நிற்கிறார்கள். அரசாங்கம் தன் கடமையைச் செய்யும்வரை அவர்கள் வயது காத்திராது. உங்கள் ஊர்ப் பாடசாலை அதிபருக்கு இவ்வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். வருகிறேன் என்று நாள் குறித்து எழுதுங்கள்.