கருப்புத் திரை பிகினருக்கு இல்லையாம்!



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவுக்கு 63 கமெண்ட். என் பணி நிறைவு விழா படத்துக்குக்கூட இவ்வளவு வரவில்லை. அம்மா பாடிய நடவுப் பாட்டுப் பதிவுகள் மூன்றும் என் கம்ப்யூட்டரில் என் கையாலேயே அழிந்துபோயின என்று எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் பாதிப் பேர் ஆறுதலோடு ஒரு புத்திமதியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். "இந்த வயசுல லினக்ஸ் எதுக்கு டீச்சர்? மவுஸ் இருக்கு, கிளிக் பண்ணிட்டுப் போங்க." "கருப்புத் திரையில எழுத்தடிக்கிறதெல்லாம் நமக்கு வேண்டாம் பெரியம்மா." எல்லாவற்றுக்கும் மேலே என் தம்பி மகன், ஓ.எம்.ஆரில் பெரிய வேலையில் இருப்பவன், எழுதியிருக்கிறான்: "அத்தை, டெர்மினல் எல்லாம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு. பிகினருக்கு இல்ல."

மற்றதை விட்டுவிடுவேன். இந்தக் கடைசி வரியை விட மாட்டேன். 34 வருஷம் நான் பார்த்த வேலையே பிகினரோடுதான். சிலேட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்த பிள்ளைகளை எழுத வைத்து அனுப்பியவள் நான். 'இது உனக்கு இல்லை' என்ற வார்த்தையை வகுப்பறையில் யாரும் சொல்லக் கூடாது என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்தவள். அதை என்னிடமே சொன்னால்?

முதலில் கதையைச் சொல்கிறேன். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் சின்ன மகளுக்கும் ஒன்று கிடைத்தது. உங்களில் பலருக்கும் கிடைத்திருக்கும். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று இன்னொன்றும் இருந்தது நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கியது. வந்த வாரமே கடையில் கொடுத்துக் காசு கொடுத்து அதை அழித்தோம்! என்னவென்று ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. அப்புறம் அந்த லேப்டாப் வருஷத்துக்கு வருஷம் மெதுவாகி, கடைசியில் ஆன் செய்துவிட்டு சாதம் வடித்துவிட்டு வரலாம் என்ற நிலைக்கு வந்தது. பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். 2009-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன், பொங்கலுக்கு வந்தபோது, இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். இன்றைக்கும் ஓடுகிறது. இந்தப் பதிவும் அதில் அடித்ததுதான்.

அவன் போகும்போது கருப்புத் திரை ஒன்றைத் திறந்து காட்டி, "டீச்சர், வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மூணு கேள்வி கேளுங்க" என்றான். நான் எங்கே இருக்கிறேன்? இங்கே என்னென்ன இருக்கிறது? அடுத்த அறைக்கு எப்படிப் போவது?

முதல் கேள்விக்கு பி.டபிள்யூ.டி. (ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடிக்க வேண்டும். ஊரில் இருக்கும் அக்காவும் வாசிக்கட்டும் என்று உச்சரிப்பாகவே எழுதுகிறேன்.) எங்கள் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் இருந்தவர் என்பதால் இந்தக் கட்டளை மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. அடித்தால், நீ நிற்கும் இடம் இது என்று முழு விலாசத்தையும் சொல்லும். இரண்டாம் கேள்விக்கு எல்.எஸ். அங்கே இருப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டும். வருகைப் பதிவேடு வாசிப்பது மாதிரி. மூன்றாவதற்கு சி.டி., ஒரு இடைவெளி, போக வேண்டிய அறையின் பெயர். வந்த வழியே ஒரு படி வெளியே வர சி.டி. இடைவெளி இரண்டு புள்ளி. எங்கே தொலைந்துபோனாலும் வெறும் சி.டி. அடித்து என்டர் தட்டினால் நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும்.

அவ்வளவுதான். முதல் நாள் பாடம் முடிந்தது. இதில் ஓ.எம்.ஆருக்கு மட்டும் சொந்தமான விஷயம் எது என்று தம்பி மகன் சொல்லட்டும்.

இரண்டாம் நாளே எனக்கு ஒன்று பிடிபட்டது. இது வாக்கியம்! முதல் சொல் வினை. நடுவில் சிறு கோடு போட்டு வருவது வினையடை, எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது. கடைசியில் வருவது செயப்படுபொருள். எல்.எஸ். என்றால் 'காட்டு'. எல்.எஸ். -எல் என்றால் 'விவரமாகக் காட்டு'. பின்னால் ஒரு கோப்புறையின் பெயரைச் சேர்த்தால் 'இதை விவரமாகக் காட்டு'. சி.பி. என்றால் நகல் எடு. எதை, எங்கே என்று இரண்டு பொருள் கேட்கும். எம்.வி. என்றால் இடம் மாற்று. பெயர் மாற்றுவதற்கும் அதுவேதான். எம்.கே.டிர். என்றால் புது அறை கட்டு. நம் தமிழில் வினை கடைசியில் வரும், இங்கே முதலில் வருகிறது. வித்தியாசம் அவ்வளவே. இலக்கணம் தெரிந்த யாருக்கும் இது பத்து நிமிஷப் பாடம். இதை ஏன் எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்வதில்லை?

மேலத்தெருப் பெண் ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் படிக்கிறாள். புத்தகத்தில் உபுண்டு பற்றிப் பாடமே இருக்கிறது. பாராமல் ஒப்பிக்கிறாள். "ஒரு கட்டளையாவது நீயே அடித்திருக்கிறாயா?" என்றேன். "லேப்ல விண்டோஸ்தான் பாட்டி" என்கிறாள். நீச்சலுக்கு இலக்கணம் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிற படிப்பு! என் லேப்டாப்பைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தன் பெயரில் ஒரு அறை, அதற்குள் பாடத்துக்கு ஒன்றாக ஐந்து அறை கட்டிவிட்டாள். அறைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தாள், அதையும் ஏற்றுக்கொண்டது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல்முறை தன் பெயரைத் தானே எழுதிவிட்ட ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகம் அது. இவளிடம் போய் 'பிகினருக்கு இல்லை' என்று யார் சொல்வது?

மவுஸ் போதாதா என்று கேட்டவர்களுக்கு ஒரு கணக்கு. என் பழைய போனிலிருந்து எடுத்த வாட்ஸாப் படங்கள் ஒரே குவியலாகக் கிடந்தன. எத்தனை என்று பார்க்க, எல்.எஸ்., ஒரு நேர்கோடு, டபிள்யூ.சி. -எல். அந்த நேர்கோட்டுக்கு பைப் என்று பெயர். இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் அனுப்பும், வாய்க்காலில் மடை திறந்த மாதிரி. 1,840 என்று வந்தது. வாட்ஸாப் படங்களின் பெயரைக் கவனியுங்கள்: ஐ.எம்.ஜி., ஒரு கோடு, பிறகு தேதி. அதில் வருஷம்தான் முதலில் இருக்கும். ஆகவே 2019 என்று ஒரு அறை கட்டிவிட்டு, எம்.வி., ஐ.எம்.ஜி.-2019*, 2019 என்று அடித்தேன். அந்த நட்சத்திரக் குறிக்கு 'இதற்குப் பிறகு எதுவாக இருந்தாலும் சரி' என்று பொருள். கண் மூடித் திறப்பதற்குள் அந்த வருஷத்துப் படம் அத்தனையும் உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு வருஷத்துக்கும் இப்படி ஒரு வரி. மவுஸால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

ஒன்று சொல்ல வேண்டும், இந்த இயந்திரம் வாயாடி இல்லை. வேலை சரியாக முடிந்தால் ஒரு வார்த்தை பேசாது. பிழை என்றால் மட்டும் பேசும். கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்றால் எழுத்துப் பிழை. பெர்மிஷன் டினைட் என்றால் உனக்கு அதிகாரம் இல்லை. நம் பிள்ளைகள் சிவப்பு மையைக் கண்ட மாதிரி இதைப் பார்த்து ஓடுகிறார்கள். அது திட்டவில்லை கண்ணுகளா, எங்கே தப்பு என்று சொல்லித் தருகிறது.

இனி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

நல்ல படங்களைப் பிரித்தபின் மிஞ்சிய குட்மார்னிங் படங்களை அழிக்க நினைத்தேன். அழிக்கும் கட்டளை ஆர்.எம். அதன்பின் *.ஜேபிஜி என்று ஒட்டி அடித்திருக்க வேண்டும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. 'ஜேபிஜி படங்கள் எல்லாவற்றையும் அழி' என்று நான் நினைத்தது, 'எல்லாவற்றையும் அழி, அப்புறம் .ஜேபிஜி என்ற பெயருள்ள ஒன்றையும் அழி' என்று ஆகிவிட்டது. அது சொன்னபடி செய்தது. கடைசியில், .ஜேபிஜி என்று ஒன்று இங்கே இல்லையே என்று மட்டும் சொன்னது. அதே அறையில்தான் அம்மாவின் மூன்று பாட்டுகளும் இருந்தன. ஆர்.எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. போனால் போனதுதான். ஒரு பாட்டு தங்கை மகளின் போனில் இருந்ததால் திரும்பிவிட்டது. மற்ற இரண்டும் இல்லை. அவற்றில் ஒன்றில் நடுவில் அம்மா சிரித்துவிட்டு, "போதும்டி, மூச்சு வாங்குது" என்பாள்.

இதைத்தான் நீங்கள் சுட்டிக்காட்டுகிறீர்கள். பாருங்கள், ஆபத்து, விட்டுவிடுங்கள் என்று. நான் கேட்கிறேன்: ஒரு வாக்கியத்தில் காற்புள்ளியை மாற்றிப் போட்டால் பொருள் மாறும் என்பதற்காக எழுதவே கற்றுத்தராமல் விட்டோமா? எனக்குச் சொல்லிக்கொடுத்த யூடியூப் பாடங்கள் நான்கைந்திலும் ஆர்.எம். என்றால் அழிக்கும் என்று ஒரு வரியில் போய்விட்டார்கள். ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு முன் அதே வாக்கியத்தை எல்.எஸ். போட்டு அடியுங்கள். எவையெல்லாம் அழியப் போகின்றன என்று கண்ணுக்கு முன் வரிசையாக நிற்கும். சரியாக இருந்தால் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டுங்கள். அடித்த வரி அப்படியே திரும்ப வரும். எல்.எஸ். இருந்த இடத்தில் ஆர்.எம். என்று மாற்றினால் போதும். புதிதாகக் கற்கிறவர்கள் ஆர்.எம். -ஐ என்று போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் 'அழிக்கவா?' என்று கேட்கும். இந்த மூன்று வாக்கியத்தை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அம்மாவின் குரல் மிஞ்சியிருக்கும். ஆகவே என் கோபம் கருப்புத் திரை மேல் இல்லை, அரைகுறையாகச் சொல்லித்தருகிறவர்கள் மேல்.

"இப்பல்லாம் ஏஐகிட்ட கேட்டா அதுவே கமாண்ட் எழுதித் தருது, எடுத்து ஒட்டினா போதும்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அடி பெண்ணே, எடுத்து ஒட்டுவதற்குத்தான் வாசிக்கத் தெரிய வேண்டும். ஒரு வரியின் தொடக்கத்தில் சூடோ என்று இருந்தால், வீட்டுச் சாவிக்கொத்தையே கையில் கொடுக்கிறாய் என்று பொருள். அதற்குப் பின்னால் ஆர்.எம். இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவள், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் கைநாட்டு வைப்பவள். கைநாட்டை ஒழிக்கத்தானே நாங்கள் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி ராத்திரியாகத் தெருத்தெருவாகப் போனோம்?

பெயர்கள் ஏன் இப்படி மொட்டையாக இருக்கின்றன என்று கேட்டிருந்தவர்களுக்கு: 1969-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். எழுத்தை மிச்சம் பிடிக்கத்தானே தோன்றும்? நான் வேலைக்குச் சேர்ந்த 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். இன்றைக்கு நாம் அடிக்கும் எல்.எஸ்.ஸும் சி.பி.யும் குனு எழுதிக் கொடுத்தவை. காசு வாங்காமல் கொடுத்தார்கள். நாமோ காசு கொடுத்து அழித்தோம்.

லினக்ஸிலும் எனக்குக் குறை உண்டு. என் கருப்புத் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. 'அம்மா' என்று கொடுத்து எழுத்தை எண்ணச் சொன்னால் ஐந்து என்கிறது! புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. பைட் கணக்கில் கேட்டால் பதினைந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். இதைத் திருத்த வேண்டியவர்கள், தம்பி மகனே, உன்னைப் போன்ற ஓ.எம்.ஆர். ஆட்கள். அந்த வேலையைப் பாருங்கள், எங்களுக்கு எது வேண்டாம் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் மேலத்தெருப் பெண்ணும் அவள் சிநேகிதிகள் இரண்டு பேரும் வருகிறார்கள். லேப்டாப் ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் தூங்கினால் கொண்டுவந்து கொடுங்கள். ஆன் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, பார்க்கலாம். சார்ஜரை மறக்காதீர்கள். அம்மாவின் பாட்டு யார் போனிலாவது இருந்தால் அதையும்.