வேட்டியும் லேப்டாப்பும்

கிளாம்பாக்கத்தில் சேலம் பஸ் ஏறி, சின்னசேலத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் நைனார்பாளையம். தங்கை வீடு. போன மாசம் கிளம்பினபோது கையில் ஒரு லேப்டாப் பை. தங்கை மகள் 2016-ல் பிளஸ் டூ படிக்கும்போது கொடுத்த அரசாங்க லேப்டாப். (திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பரில்.) இப்போது அதற்குத் தள்ளாத வயசு. பேட்டரி மாற்ற என்னிடம் கொடுத்தபோதே சொன்னாள்: "பத்திரம் மாமா. அப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு."

அப்பா போய் நாலு வருஷமாகிறது.

பையைத் தலைக்கு மேலே வைத்துவிட்டு, விழுப்புரம் தாண்டினதும் தூங்கிப்போனேன். சின்னசேலத்தில் அவசரமாக எடுத்துக்கொண்டு இறங்கி, டீக்கடையில் ஜிப்பைத் திறந்தால்... நாலு முழ வேட்டி, எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம், சர்க்கரை மாத்திரை!

வயிற்றைப் பிசைந்தது. யாரைக் கேட்பது? ரயிலில் ஒருத்தர் இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த ஒரு லட்ச ரூபாய் திருடு போக, ரயில்வே பொறுப்பில்லை என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. இடுப்பில் கட்டினதுக்கே அந்தக் கதி! 1981-ல் வந்த ஆஸ்பார்ன் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட 11 கிலோ. அதைத் தூக்கிப் போகிறவனுக்கே மூச்சு வாங்கியிருக்கும். இதுவோ வேட்டி கனம்தான்.

நல்லவேளை, மாத்திரைக் கவரில் பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தது. அடித்தேன்.

"அட, நீங்கதானா! கள்ளக்குறிச்சியில எறங்கிட்டேங்க. சாப்பிடலாம்னு தொறந்தா கம்ப்யூட்டரு! உங்க நம்பரு எங்கயாச்சும் இருக்கான்னு பையைக் கவுத்துப் பாத்துட்டேன். சோத்தைத் தொட்டுடலையே?"

தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். புளிசாதத்துக்கு விலாசம் இருக்கிறது, லேப்டாப்புக்கு இல்லை! திரும்பக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். பெரியவர் பஸ் ஸ்டாண்டில் பையை மடியில் வைத்துக் காத்திருந்தார். மாத்திரை நேரம் தாண்டியிருந்தது.

நைனார்பாளையத்தில் முதல் வேலையாகப் போட்டோக்களை இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். "இதென்ன மாமா திடீர்னு?" என்றாள். "சும்மாதான்" என்றேன். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றைத் தங்கை கடுகு டப்பாவில் போட்டு மூடினாள். தோடும் அதில்தான் இருக்கிறது. நான் இதை எழுதினது தெரிந்தால் டப்பாவை மாற்றிவிடுவாள்.