ராகி முத்தே பத்து ரூபாய்த் தட்டுக்கு வரட்டும்

2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, அடுக்குமாடிக் குடியிருப்புகள் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்த கோடை அது. அபராதம் சரியானதே. ஆனால் இந்த ஊர் அன்றாடம் சாப்பிடும் வெள்ளை அரிசியை விளைவிக்க எவ்வளவு தண்ணீர் போகிறது என்ற கேள்வியை அப்போதும் யாரும் எழுப்பவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, மேட்டில் ஏற்றிக் கொண்டுவரும் காவிரியைத்தான் குடிக்கிறோம். மண்டியாவில் அதே காவிரி பாய்ந்துதான் நெல் விளைகிறது. பெங்களூருவைச் சுற்றியிருக்கும் செம்மண்ணோ, காவிரியை எதிர்பாராமல், பெய்கிற மழையிலேயே ராகியை விளைவித்துத் தருகிறது.

நாட்டிலேயே ராகி அதிகம் விளைவது கர்நாடகத்தில்தான். துமகூரு, ஹாசன், கோலார், மாகடி, கனகபுரா எங்கும் அது மானாவாரிப் பயிர். தண்ணீர் கட்டி நிறுத்திய நெல் வயலிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. ராகிக் கொல்லையில் அந்தச் சிக்கல் இல்லை. அறுத்த தானியத்தைப் பூச்சி எளிதில் அண்டாது என்பதால், பஞ்ச காலத்துக்கென்று அந்நாளில் மண்ணில் குழி வெட்டி ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரிசியைப் போல் தீட்டி வெளுப்பாக்க முடியாத பொடி மணி என்பதால், தோலோடுதான் மாவாகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்நாடகப் பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில் இந்தத் தானியம் தட்டிலிருந்து ஒதுங்கிப் போனது வேதனைக்குரியது.

ராகி மருந்து என்று நாம் சொல்லவில்லை. நைசாக அரைத்த மாவில் பெரிய உருண்டையாகப் பிடித்துச் சாப்பிட்டால் சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சர்க்கரை கொட்டிக் காய்ச்சிய ராகி மால்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முத்தே எனப்படும் களி உருண்டையை அளவாக எடுத்து, அதோடு கீரைச் சாறோ, கொள்ளுச் சாறோ, தை மாதத்து அவரைக்காய்ச் சாறோ சேரும்போதுதான் அது முழுச் சாப்பாடாகிறது. பழைய மைசூர்ச் சீமையின் உழவர் வீடுகளில் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

இந்தியா முன்மொழிந்து, 2023-ஐ ஐ.நா. உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஜனவரியில் அரண்மனை மைதானத்தில் கண்காட்சியும் நடந்தது. பிறகு என்ன ஆயிற்று? சிறுதானியம் மாலுக்குள் போய்விட்டது. ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ் என்று அழகான பாக்கெட்டில், அரிசியைவிடப் பல மடங்கு விலையில் விற்கிறது. ராகி உண்டு வளர்ந்த கட்டடத் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும் அதை வாங்குவதில்லை. மானியம் பெரும்பாலும் அரிசியின் பக்கம் நிற்கிறபோது ஏழையின் தட்டு எப்படி மாறும்? 2023-இல் இலவச அரிசித் திட்டமான அன்னபாக்யாவுக்குக் கூடுதல் அரிசி கிடைக்காமல் மாநில அரசு தவித்தது. கிலோவுக்கு 34 ரூபாய் கணக்கிட்டுப் பணமாகக் கொடுத்தது. சொந்த மண்ணின் ராகியையும் சோளத்தையும் பெருமளவில் வாங்கிக் கொடுக்க அதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது. நழுவ விட்டார்கள்.

அரசு மனது வைத்தால் முடியும். 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலோடு ராகி மால்ட் கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாடு 2023 மே மாதத்தில் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. காவிரிக்காக எவ்வளவோ சண்டை போட்டுக்கொண்ட இரு மாநிலங்களுக்கும், அந்தத் தண்ணீரைத் தொடாத இந்தப் பயிர் பொதுச் சொத்து. மண்டியாவின் வி.சி. ஃபார்ம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து உருவாக்கிய இண்டாஃப் ரகங்கள் விளைச்சலைப் பெருக்கின. விதையும் விவசாயியும் தயார். வாங்குகிறவர்தான் வேண்டும்.

அந்த இடத்தில் இந்திரா கேன்டீன் நிற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. 2017 ஆகஸ்டில் காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்று தொடங்கிய இந்த அரசு மலிவு உணவகங்களில் தினமும் ஒரு வேளையாவது முத்தேயும் சாறும் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் மட்டும் போட்டால் போதாது. முத்தே கிண்டுவது லேசான வேலை இல்லை. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் வேகவிட்டு, பிறகு பாத்திரம் நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மரக்கோலால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும்; சூடு ஆறுமுன் ஈரக்கையால் உருட்ட வேண்டும். ஆறிப்போனால் இறுகிவிடும் என்பதால், மையச் சமையலறையில் செய்து வண்டியில் அனுப்பும் முறை இதற்கு ஒத்துவராது. கேன்டீனிலேயே கிண்ட ஆளும் அடுப்பும் வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் ஒப்பந்த விலையை நிர்ணயிக்க வேண்டும். கூலியைக் குறைத்துவிட்டு முத்தே நன்றாக இல்லை என்று ஒப்பந்தக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை.

மாவு எங்கிருந்து வரவேண்டும் என்பதும் டெண்டரிலேயே இருக்கட்டும். 2022-இல் அரசுக் கொள்முதலுக்கு வைத்த வரம்பை எதிர்த்து ராகி விவசாயிகள் போராட நேர்ந்தது. அவர்களிடமிருந்து குறைந்தபட்ச ஆதார விலையில் வாங்கிய ராகியே கேன்டீனுக்கும், அரசு மருத்துவமனைகளுக்கும், மாணவர் விடுதிகளுக்கும் போகட்டும். பல்லாயிரம் பேருக்குச் சமைக்கும் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி நிறுவனங்களின் உணவகங்களும் இதே வரிசையில் வரலாம். கார்த்திகை, மார்கழியில் ராகி களத்துக்கு வரும்போது, எத்தனை குவிண்டால் வேண்டும் என்ற நகர நிர்வாகத்தின் கொள்முதல் ஆணை விவசாயியின் கையில் இருக்க வேண்டும்.