பஞ்சில் முளைத்த பயறு

ஆடி மாதம் வந்தால் நம்ம பக்கத்து நர்சரிப் பள்ளிகளில் ஒரு சடங்கு நடக்கிறது. "நாளைக்கு ஒரு பிளாஸ்டிக் கப், கொஞ்சம் பஞ்சு, பத்துப் பச்சைப்பயறு" என்று பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் பயறு முளைக்கும். பச்சைச் சட்டை போட்ட பொடிசுகள் கப்பை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். மிஸ் ஒரு போட்டோ எடுப்பார். அது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். "தாவரங்களின் வளர்ச்சி" பாடம் முடிந்தது. அடுத்த வாரம் கப்புகள் எல்லாம் குப்பைத்தொட்டியில் கிடக்கும்.

இதைச் 'செய்து கற்றல்' என்று சொல்லிக் கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பயறு பஞ்சில் எப்படி முளைக்கிறது? விதைக்குள் இருக்கும் இரண்டு பருப்பும் அதற்கான கட்டுச்சோறு. தண்ணீர் பட்டதும் அந்தச் சோற்றைத் தின்றுதான் முளை எழுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் சோறு தீர்ந்துவிடும். அதன் பிறகு வேருக்கு மண் வேண்டும், இலைக்கு வெயில் வேண்டும். பஞ்சு என்ன கொடுக்கும்? செடி வெளுத்து, நெட்டையாக நீண்டு, சாய்ந்துவிடும். செடி தன் காலில் நிற்கத் தொடங்க வேண்டிய நாளில் நம் பிள்ளைகளின் பாடம் முடிந்து போகிறது. வளர்ச்சி என்றால் மூன்று நாள் வேலை என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. பூவையும் காயையும் அது பார்ப்பதே இல்லை.

இன்னொரு கூத்து பிராஜெக்ட். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக இப்போது பிராஜெக்ட் வருகிறது. தெர்மாகோல் மரம், களிமண் காய்கறி, சார்ட்டில் ஒட்டிய இலை. ராத்திரி பத்து மணிக்கு அம்மா வெட்டுவார், அப்பா ஒட்டுவார், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் அதற்கு மூன்று ஸ்டார். கொல்லையில் நிஜ முருங்கை நிற்கிற வீட்டில் தெர்மாகோல் மரம் செய்கிறார்கள் என்றால் யாரிடம் போய் அழுவது?

பலகையில் 'மாண்டிசோரி' என்று எழுதிக்கொண்ட பள்ளிகளும் இதில் சேர்த்திதான். அந்த அம்மையார் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். சின்னக் குழந்தைகள் செடியைத் தாங்களே வளர்த்து, அதற்கு வேண்டியதைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று எழுதியவர். பெயரை எடுத்துக்கொண்டார்கள், செடியை விட்டுவிட்டார்கள்.

அரசுப் பள்ளியிலும் குறை இல்லாமல் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், நல்லதுதான். ஆனால் கையில் வந்தது பெரும்பாலும் அட்டை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். அழகான பெயர்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்த 'அரும்பு'களில் எத்தனை பேர் ஒரு அரும்பு மொட்டாகி மலர்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள்?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். மல்லாட்டை போடுங்கள் என்கிறேன்.

செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக்காரனுக்கு மல்லாட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். நாடு முழுக்கத் தெரிந்த 'டி.எம்.வி.' ரகங்களில் இருக்கும் அந்த மூன்று எழுத்து நம்ம திண்டிவனம்தான். அங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்தவை அவை. நூறு, நூற்றைந்து நாள் பயிர். ஆடியில் விதைத்தால் தீபாவளியை ஒட்டிப் பிடுங்கிவிடலாம். ஜூனில் பள்ளி திறந்த பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வுக்குள் ஒரு முழு வெள்ளாமை.

அதில் எவ்வளவு பாடம் இருக்கிறது, பாருங்கள். வரிசைக்கு வரிசை முப்பது சென்டிமீட்டர். பிள்ளையின் பையில் இருக்கும் ஸ்கேல் அளவு. செடிக்குச் செடி பத்து சென்டிமீட்டர். ஸ்கேலில் மூன்றில் ஒரு பங்கு. பின்னத்தை இதைவிட எப்படிச் சொல்லிக்கொடுப்பது? முப்பது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு விதை ஊன்றினால் அறுபது. முளைத்தது நாற்பத்தெட்டு என்றால், மீதி எங்கே? காக்காய் தின்றதா, எறும்பு இழுத்ததா, ஆழமாகப் போய்விட்டதா? கழித்தல் கணக்கும் துப்பறிதலும் ஒன்றாக நடக்கும்.

ஒரு மாதத்தில் மஞ்சள் பூ. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போகும். மேலே பூத்து, கீழே காய்க்கிற செடி! ஆறு வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய மாயாஜாலம் வேறென்ன காட்ட முடியும்? விழுது இறங்க மண் இளகி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். சாயங்காலம் இலைகள் மடிந்துகொள்வதைப் பார்க்கட்டும். பிடுங்கிய வேரில் முடிச்சு முடிச்சாக இருப்பது என்ன என்று கேட்கட்டும். காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன என்று பட்டப்படிப்பில் படிப்பதை ஒன்றாம் வகுப்பிலேயே தொட்டுப் பார்த்திருப்பான். மழை பொய்த்தால் செடி காயும். அதுவும் பாடம்தான், அது எந்த சார்ட்டிலும் இல்லை.

இடம் இல்லை என்பார்கள். பழைய சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பினால் போதும். ஆசிரியருக்கு நேரம் இல்லை என்பார்கள். இதில் உண்மை உண்டு. பதிவேடு, செல்போன் ஆப், கணக்கெடுப்பு என்று அவர்களைப் பிழிகிறோம். அந்தச் சுமையைக் குறையுங்கள் என்று கேட்க வேண்டியதும் நாம்தான். ஆனால் தினமும் பத்து நிமிஷம் செடியைப் பார்க்க எந்த ஆப்பும் தேவையில்லை. பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட மத்திய அரசே 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆக, அனுமதி இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை.

"மண்ணைக் கிண்டவா இவ்வளவு ஃபீஸ் கட்டி அனுப்புகிறோம்?" என்ற கேள்வியும் வரும். நம்ம ஊர்க்காரர்கள் இதைக் கேட்கும்போதுதான் எனக்குச் சங்கடம். அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை குவிகிறதே, அதில்தானே நம் பாதி வீடுகளின் ஃபீஸ் இருக்கிறது! பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போய்ப் பெரிய களஞ்சியத்தைக் காட்டுகிறோம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை என்று பெருமையும் படுகிறோம். களஞ்சியத்துக்குள் போன நெல் எப்படி விளைந்தது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

கடைசியாக, என் வயதுக்காரர்கள் கேட்கும் கேள்வி. "இது 1953 குலக்கல்வி மாதிரி இல்லையா?" நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். ராஜாஜி கொண்டுவந்த அந்தத் திட்டத்தில் பிள்ளைக்குப் பள்ளி அரை நாள். மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் வந்ததும் திட்டம் போனது. போனது நல்லதே. வண்ணார் பிள்ளை துறைக்கும், குயவர் பிள்ளை சக்கரத்துக்கும் திரும்பிப் போகச் சொன்ன திட்டம் அது. நான் சொல்வதில் எந்தப் பிள்ளையும் பள்ளியை விட்டு வெளியே போகப் போவதில்லை. டாக்டர் பிள்ளை, தாசில்தார் பிள்ளை, கூலிக்காரர் பிள்ளை எல்லோரும் பள்ளி நேரத்தில், ஒரே பாத்தியில், ஒரே மண்ணில் கை வைக்கிறார்கள். மண் வேலை ஒரு சிலருக்கு மட்டும் எழுதி வைத்தது என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பஞ்சு, ஏழைப் பிள்ளைக்குக் களைக்கொத்து என்று விட்டுவைத்தால், அதுதான் குலக்கல்வி. சட்டம் போடாமலே நடக்கிற குலக்கல்வி.

ஓய்வுபெற்றவர்களே, நமக்கு நேரம் இருக்கிறது. பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். விதை மல்லாட்டை ஒரு படி நாம் வாங்கிக் கொடுத்தால் குடி முழுகிப் போகாது. தண்ணீர் ஊற்ற, கம்பளிப்புழு வந்தால் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வாரத்துக்கு இரண்டு நாள் நாமே போய் நிற்கலாம். பிடுங்குகிற அன்று பள்ளியிலேயே அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நாம் உட்பட.