அந்த முத்தத்துக்கு என்ன சாதி?

மத்தியான சீரியலைப் பற்றி நம்ம பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று முகம் சுளிக்கிற தோழர்கள் தாராளமாகப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். பெண்கள் பார்க்கிறது, அழுகிறது, காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறது என்றால் அது அரசியல் இல்லை என்று முடிவுகட்டிவிட்ட அறிவாளிகளிடம் எனக்குப் பேச்சில்லை. 1930களில் அமெரிக்க ரேடியோவில், வீட்டிலிருக்கும் பெண்களுக்குச் சோப்பு விற்பதற்காகச் சோப்புக் கம்பெனிக்காரன் காசு போட்டு நடத்திய கதை அது. அதனால்தான் அதற்கு இன்றைக்கும் சோப் ஆபரா என்று பேர். அழுக்குப் போக்குகிறவன் காசில் நடந்த கதைக்குள் ‘அழுக்கு’ என்று ஒதுக்கப்பட்டவள் ஒருத்தி புகுந்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஏபிசி தொலைக்காட்சியில் ‘ஒன் லைஃப் டு லிவ்’ என்ற தொடர் 1968 ஜூலை 15 அன்று தொடங்கியது. வாரத்துக்கு அய்ந்து நாள், மத்தியானம், முதலில் அரை மணி நேரம். 2012 ஜனவரி 13 வரை அந்தத் தொலைக்காட்சியில் ஓடியது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கும் மேலே. உருவாக்கியவர் அக்னஸ் நிக்சன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. பென்சில்வேனியாவில் லான்வியூ என்று ஒரு கற்பனை ஊர். அங்கே பத்திரிகை முதலாளி குடும்பம், போலந்திலிருந்து வந்த உழைக்கும் குடும்பம், ஒரு யூதர், ஓர் ஆஸ்பத்திரி. அந்த வருஷம் அக்டோபரில் இந்த ஊருக்குள் கார்லா பெனாரி என்ற நடிகை வருகிறாள். பேரைக் கேட்டால் இத்தாலிய வம்சம். நிறம் வெளுப்பு. டாக்டர் ஜிம் கிரேக் என்ற வெள்ளையரோடு காதலாகி நிச்சயமும் ஆகிறது. அதே சமயம் பிரைஸ் டிரெய்னர் என்ற கறுப்பு டாக்டர் மேலும் அவள் மனசு போகிறது. பார்க்கிற ஜனங்கள் அவளை வெள்ளைக்காரி என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தினம் தினம், மாசக்கணக்கில்.

அப்புறம் ஒரு வாரம் கார்லாவும் டிரெய்னரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஏபிசியின் தொலைபேசி இணைப்பகம் திணறிப்போனதாகப் பதிவு இருக்கிறது. வெள்ளைக்காரி கறுப்பனை முத்தமிடுவதா!

பிறகு தெரிகிறது, கார்லா கறுப்பினப் பெண்தான் என்று. அந்த ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையைக் கவனிக்கிற சேடி கிரே என்ற கறுப்பம்மா இருக்கிறாரே, அவர் பெற்ற மகள். பெனாரி என்பது போட்டுக்கொண்ட பேர்.

இப்போது யோசியுங்கள் தோழர்களே. அதே முத்தம். அதே ரெண்டு வாய். அவள் யாருக்குப் பிறந்தவள் என்று தெரியும் முன் அது குற்றம், தெரிந்த பின் அது ஒண்ணுமேயில்லை. அப்படியென்றால் போன் போட்டுக் கத்தியவர்களுக்கு ஆபாசமாகத் தெரிந்தது முத்தம் இல்லை. முத்தத்துக்குப் பின்னால் இருக்கிற பிறப்புப் பதிவேடு. அமெரிக்காவில் அந்தப் பதிவேடு வெறும் உவமை இல்லை. வெர்ஜினியா மாநிலத்தில் 1924இல் போட்ட இனத் தூய்மைச் சட்டம், கறுப்பு ரத்தம் துளி இருந்தாலும் வெள்ளையரைக் கட்டக்கூடாது என்றது. அந்த மாதிரித் தடைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது 1967 ஜூனில்தான். தீர்ப்பு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஒரு மத்தியானச் சீரியல் ஜனங்களை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டது. மேடை போட்டு இன சமத்துவம் பேசியிருந்தால் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். நிக்சன் அதைச் செய்யவில்லை. முதலில் அவளை நேசிக்கவிட்டார். நேசித்து முடித்த பிறகு கணக்கைக் கையில் கொடுத்தார்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது எழுந்த எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. “பெத்த தாயை மறைச்சவ கதை நமக்கு எதுக்கு? அவ துரோகி.” நம் இயக்க மேடைகளில் இந்தக் குரல் புதுசு இல்லை. படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் பேரை மாற்றிக்கொண்டு, சாதியைச் சொல்லாமல் வாழ்கிறவனைக் கண்டால் நம்மவர்களுக்கு வருகிற கோபம், அவனைச் சொல்லவிடாமல் செய்தவனைக் கண்டால் வருவதில்லை. இதுதான் என் சண்டை.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். அந்த சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்தவர். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பேரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர். ரெண்டு பேர் வீட்டிலும் இடமில்லை. காமாட்டி பாக் என்ற பூங்காவில் போய் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் அவரே எழுதிவைத்தது, யாரோ கட்டிய கதை இல்லை. அவரையும் துரோகி என்பீர்களா? சொல்லுங்க, கேட்போம்.

பாபுராவ் பாகுல் 1963இல் வெளியிட்ட மராத்திச் சிறுகதைத் தொகுதியின் தலைப்பை நேராகப் பெயர்த்தால் ‘நான் சாதியைத் திருடியபோது’ என்று வரும். மறைப்பது என்று நாம் சொல்வதை அந்த மொழி திருடுவது என்கிறது. நம்முடையதை நாமே வைத்திருந்தால் திருட்டாம்! யாருடைய சொத்து அது? அந்தக் கதையில் ரயில்வே வேலைக்குப் போன இளைஞனின் சாதி தெரிந்ததும் அடி விழுகிறது. கார்லாவுக்குப் போன் வந்தது, அண்ணலுக்குத் தடி வந்தது, பாகுலின் ஆளுக்கு உதை வந்தது. மூன்று இடத்திலும் ஆள் மாறவில்லை. தெரிந்தது ஒரு தகவல், அவ்வளவுதான்.

நான் கவுண்டரில் உட்கார்ந்து ரூபாய் எண்ணுகிறவன். என் கையால் எண்ணிக் கொடுத்த நோட்டை யாரும் தண்ணீர் தெளித்து வாங்கியதில்லை. அதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது கேள்வி நேராக வரவில்லை. “சொந்த ஊர் எது தம்பி?” சொன்னேன். “ஊர்ல எந்தப் பக்கம்?” சொன்னேன். “நான்வெஜ்ஜெல்லாம் உண்டா?” உண்டு என்றேன். அந்த அம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது, வீடு தங்கச்சி மகனுக்கு என்று முன்னாடியே பேசி வைத்திருந்தார்களாம். அந்த வீடு நாலு மாசம் பூட்டியே கிடந்தது. நான் மூன்று கேள்விக்கும் உண்மை சொன்னவன். சொல்லாமல் சாவி வாங்கிக்கொண்டு போன இன்னொருத்தனை எனக்கும் தெரியும். அவனைவிட நான் யோக்கியன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் ரெண்டு இருந்தன.

அதற்காக அந்தத் தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. கார்லாவின் ரகசியத்தை வைத்துத் தினமும் ஆளை இழுத்தார்கள். கறுப்புப் பெண்ணின் பயம் அவர்களுக்கு வெள்ளிக்கிழமைக் கொக்கி. உண்மை வெளியான பின் கதையின் துணிச்சல் குறைந்துவிட்டது. கிரேக் கட்டிக்கொண்டது போலந்துக் குடும்பத்து வெள்ளைப் பெண் அன்னாவை. கார்லா 1973இல் கட்டிக்கொண்டது எட் ஹால் என்ற கறுப்பு போலீஸ்காரரை. அவரவர் தெருவுக்கு அவரவர் போய்ச் சேர்ந்தாயிற்று. 1979இல் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம் ஒன்று லான்வியூவில் வந்து இறங்கியது. அப்புறம் உழைக்கிறவன் வீடு எங்கே, கறுப்பர் வீடு எங்கே? பண்ணையார் வந்தால் கதை பண்ணையார் வீட்டு முற்றத்துக்குப் போய்விடும், லான்வியூவிலும்தான்.

கார்லாவாக நடித்த எல்லன் ஹாலி நிஜத்திலேயே வெளுத்த நிறமுள்ள கறுப்பினப் பெண். வெள்ளை வேஷத்துக்குக் கறுப்பி, கறுப்பு வேஷத்துக்குக் கறுப்புப் போதாது என்று ரெண்டு கதவும் சாத்தப்பட்டதை 1968இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதைப் படித்துத்தான் நிக்சன் அவரை அழைத்தார். ஆனால் தொடரைத் தூக்கி நிறுத்திய தனக்கு வெள்ளை நடிகர்களைவிடக் குறைவான சம்பளம் என்றும், 1985இல் வெளியே அனுப்பினார்கள் என்றும் 1996இல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 2023 டிசம்பர் 6இல் இறந்தார், 92 வயது. திரையில் சமத்துவம், சம்பளப் பட்டியலில் சேரி. (எங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டிலும் அம்பேத்கர் ஜெயந்தி அழைப்பு ஒட்டுவார்கள்.)

சேடியை மறந்துவிடவில்லை. லில்லியன் ஹேமன் நடித்தது. மறைத்தவளுக்குக் கிடைத்தது பெனாரி என்ற பேரும் டாக்டர் மாப்பிள்ளையும். மறைக்கப்பட்டவளுக்குக் கிடைத்தது ஒண்ணுமில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற தாய் இருக்கும்போது, அவளை யாரோ மாதிரி மகள் நடத்துகிறாள். இந்த வலியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பட்டணத்து வீட்டுக்கு வரும் கிராமத்து அம்மாவை, விருந்தாளி முன்னால் ‘ஊர்லேர்ந்து வந்திருக்காங்க’ என்று மட்டும் சொல்லி உள்ளே அனுப்புகிற வீடுகள் நம்மிடமும் உண்டு. ஆனால் கவனியுங்கள், சேடி மகளை ஊர் நடுவில் நிறுத்தி அசிங்கப்படுத்தவில்லை. கூடவே இருந்து, பேசிப் பேசி, உண்மையைச் சொல்லவைத்தார். நம் மேடைகளில் ‘துரோகி’ என்று மைக்கில் பேர் சொல்கிறார்களே, அந்தப் பேர் மறுநாள் யார் காதுக்குப் போய்ச் சேரும்? அந்த வீட்டு ஓனர் காதுக்கு.

ஜூன் மாசம் வேலையில் சேர நம் பையன்கள் ஊர் ஊராகப் போவார்கள். பையோடு ஒரு வாசலில் நிற்பான், “ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்பார்கள். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? சொன்ன பிறகு ராத்திரி எங்கே படுக்கச் சொல்கிறீர்கள்? எதிர்க்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி, முகவரி போட்டு எழுதுங்கள். இடம் கிடைக்காத பையன்களை அங்கே அனுப்பிவைக்க வசதியாக இருக்கும்.