கூண்டைத் திறந்துவிட்டா நோய் போயிடுமா?

2021 ஜனவரியில் கேரளாவில் ஆலப்புழா, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கா? நமக்கெல்லாம் ஆன்லைன் கிளாஸ் ஓடிக்கிட்டிருந்த நேரம். அங்கே செத்தது வாத்துகள். ஆனா எங்க தெருவில் ஒருத்தர் மொட்டை மாடிக்குப் போய் லவ் பேர்ட்ஸ் கூண்டைத் திறந்துவிட்டுட்டார். "சுதந்திரமா பறக்கட்டும்"னு டயலாக் வேற. லாக்டவுனில் பொழுது போகலைன்னு வாங்கின பறவைங்க அதுங்க.

நாம லவ் பேர்ட்ஸ்னு சொல்றது பெரும்பாலும் பட்ஜி. பூர்வீகம் ஆஸ்திரேலியா, கடையில் விக்கிறது கூண்டிலேயே பொரிச்சு, கூண்டிலேயே வளர்ந்தது. கிண்ணத்தில் தினை போட்டாத்தான் சாப்பாடு. வெளியே விட்டா காக்கா கொத்தும், இல்லைன்னா பட்டினி. லாஜிக்கும் இடிக்குது. நோய் இல்லாத பறவைன்னா, வீட்டுக்குள்ளே இருக்கிற வரை அதுக்கு வைரஸ் வர வாய்ப்பு குறைவு. நோய் இருக்குன்னா, திறந்துவிடறது ஊருக்கே பரப்புற வேலை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தப்பு.

இந்தக் கூத்து புதுசும் இல்லை. 1929 கடைசியில் அமெரிக்காவில் 'கிளிக் காய்ச்சல்' வந்தது. சிட்டகோசிஸ்னு பேர். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கிறிஸ்துமஸ் பரிசா வித்த கிளிகள். அடுத்த மாசம் பேப்பர் முழுக்க இதே செய்தி. சிலர் கிளியைத் தெருவில் விட்டாங்க, சிலர் கழுத்தைத் திருகினாங்க. கடற்படை அட்மிரல் ஒருத்தர், மாலுமிங்க வளர்த்த கிளிகளைக் கடலில் வீசச் சொன்னார்!

பயம் பொய்னு நான் சொல்லலை. 169 பேருக்கு நோய் வந்து 33 பேர் இறந்தாங்க. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். அதை ஆராய்ச்சி செஞ்ச அரசு லேப் உதவியாளரே இறந்துபோனார். ஆனா அந்தக் கிருமி பல கிளிகளோட உடம்பில் சத்தமில்லாம இருக்கும். பெட்டியில் நெருக்கி அடைச்சு நாள்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தா, அந்த ஸ்ட்ரெஸ்ஸில் எச்சம் வழியா வெளியே வர ஆரம்பிக்கும். நோயைப் பெருக்கினது வியாபாரம், அடி வாங்கினது கிளி. 1930 ஜனவரி 24ஆம் தேதி ஜனாதிபதி ஹூவர் கிளி இறக்குமதிக்குத் தடை போட்டார். கை வைக்க வேண்டிய இடம் அதுதான். ஐரோப்பிய ஒன்றியமும் பறவைக் காய்ச்சல் சமயத்தில், 2005இல், காட்டில் பிடிச்ச பறவைகளை இறக்குமதி செய்யறதை நிறுத்தி, 2007இல் அதை நிரந்தரம் ஆக்குச்சு.

"நோய் வந்த இடத்தைச் சுத்தி 1 கிலோமீட்டருக்கு அரசே பறவைகளைக் கொல்லுதே, நாங்க விட்டா என்ன?"னு கேப்பீங்க. அது கொடுமைதான், ஆனா அங்கே பரிசோதனை இருக்கு, புதைக்கிற முறை இருக்கு. மொட்டை மாடியில் என்ன இருக்கு?

வளர்ப்புப் பிராணியைப் பட்டினி கிடக்க விட்டுட்டுப் போறது நம்ம நாட்டில் 1960ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நம்ம கேன்டீன் ஃப்ரைட் ரைஸ் அதைவிட காஸ்ட்லி. இந்த ரேட்டுக்கு யார் பயப்படுவாங்க?

அடுத்த தடவை செய்தி வந்தா, பால்கனியில் இருக்கிற கூண்டைக் காக்கா, புறா எச்சம் விழாத இடமா உள்ளே வைங்க. மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடைங்க, சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. பறவை திடீர்னு செத்தா வெறுங்கையால் தொடாம பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்க.