மேனிலைப் பள்ளியின் முதலாண்டு

பத்தாம் வகுப்பில் தேறிய மாணாக்கன் மேனிலைப் பள்ளியில் எப்பாடப் பிரிவை மேற்கொள்கின்றானோ, அதுவே பின்னர் அவனுக்குக் கலாசாலையின் எவ்வாயில் திறக்கும் என்பதைப் பெரும்பாலும் வரையறுத்துவிடுகின்றது. கணிதத்தை விடுத்தானுக்குப் பொறியியலும், உயிரியலை விடுத்தானுக்கு மருத்துவமும் பெரும்பாலும் எட்டாக் கனிகளாம். இத்துணைச் சிறப்பு வாய்ந்த பதினோராம் வகுப்பை நம் நாட்டார் ஒரு பொருட்டாக மதியாமை பெரிதும் வருந்தத்தக்கது.

1978-ஆம் ஆண்டுக்கு முன்னர், பள்ளியிறுதித் தேர்வில் வென்றோர் புகுமுக வகுப்பைக் கலாசாலைகளிலேயே பயின்றனர். உயர்கல்விக்கு அவர்களைப் பண்படுத்தும் கடமையும் கலாசாலை ஆசிரியர்களுடையதாயிருந்தது. அவ்வாண்டில் மேனிலைக் கல்வி ஏற்பட்டபின் அக்கடமை பள்ளிகளைச் சார்ந்தது. நாளடைவில் தனியார் பள்ளிகள் சில, பதினோராம் வகுப்புப் பாடங்களைப் பெயரளவில் முடித்து, அவ்வாண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைத் தொடங்கின. ஒரே நூலை ஈராண்டு உருப்போட்டால் மதிப்பெண் பெருகும் என்பதே அவர்தம் கருத்து.

இக்குறையைக் களையவே 2017-இல் அரசினர் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு விதித்தனர். 2018 மார்ச்சில் முதற்றேர்வு நடைபெற்றது. எனினும், அம்மதிப்பெண்கள் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கொள்ளப்படா என அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. மாநிலக் கல்விக் கொள்கை வெளியான 2025-இல் அத்தேர்வும் நீக்கப்பட்டது. இளையோர்தம் பெருஞ்சுமை ஒன்று குறைந்தமை நன்றே. ஆயின், தேர்வு நீங்கினமையாற் பாடமும் நீங்கிற்று என்று கொள்ளுதல் தகாது.

“மதிப்பெண்ணன்றோ இடம் பெற்றுத் தருவது? ஈராண்டுப் பயிற்சியில் தவறென்னை?” எனப் பெற்றோர் வினவலாம். அவர்தம் கவலை நியாயமானதே. ஆயினும் பாட அமைப்பை உற்று நோக்குமின். நுண்கணிதத்தின் அடிப்படை பதினோராம் வகுப்பிலும், அதன் பயன்பாடு பன்னிரண்டாம் வகுப்பிலும் வைக்கப்பட்டுள்ளன. இயக்கவியலும் வெப்பவியலும் முன்னதற்கு உரியன. மின்னியலும் ஒளியியலும் பின்னதற்கு உரியன. முன்னதைக் கல்லாது பின்னதை மனனம் செய்தல் மணல்மீது மனை கட்டுதலை ஒக்கும். மேலும், மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் இரு வகுப்புப் பாடங்களினின்றும் வினாக்களை எழுப்புகின்றது. பொருளுடையார் தனிப்பயிற்சி நிலையங்களில் அக்குறையை நிரப்பிக்கொள்வர். வறியார் மக்கள் எங்குச் செல்வர்? தம் குடியில் முதன்முதற் கலாசாலை புகுவோர்க்கன்றோ இவ்விழப்பு மிகுதியும் நேர்வது?

ஆதலின், பள்ளிகள் அவ்வாண்டுப் பாடங்களை அவ்வாண்டிலேயே நிறைவுறக் கற்பித்தல் வேண்டும். மாணாக்கரும் தமக்கு எத்துறையில் உள்ளம் செல்கின்றது, அத்துறைக்கு எப்பாடங்கள் வேண்டும், எவ்வுதவித் தொகை கிட்டும் என்பவற்றை அவ்வாண்டிலேயே ஆராய்தல் வேண்டும். பொறியியலும் மருத்துவமுமே கல்வி என மயங்காது, வரலாறு, பொருளியல், தமிழ் முதலியவற்றையும் அவர் எண்ணிப் பார்ப்பாராக.

இனி, நமக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும், நாம் பயின்ற பள்ளிக்கு ஒருநாட் சென்று, பதினோராம் வகுப்புச் சிறார்க்குக் கலாசாலையின் பாடங்களையும் சேர்க்கை முறையையும் எடுத்துரைத்தல் அரிதன்று. பொருட்செலவும் அதற்கு வேண்டுவதில்லை. இலவசமாய்ப் பெற்ற அறிவை இலவசமாய் வழங்குதலே இக்கலாசாலையை நிறுவிய பெரியோர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.